க்ரூஸ் கப்பலில் நன்றாகச் சாப்பிட: மேசை, பஃபே, பேக்கேஜ் கணக்கு

க்ரூஸ் டிக்கெட்டிலேயே மூன்று வேளைச் சாப்பாடும் அடக்கம் என்பதால் அதைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கப்பலில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. தட்டுப்பாடெல்லாம் நேரத்துக்கும் மேசைக்கும்தான். மூவாயிரம் பேர் ஒரே மணிக்குப் பசியோடு வந்து நின்றால் எப்பேர்ப்பட்ட சமையலறையும் திணறும். கூட்டம் எப்போது எங்கே சேரும் என்று தெரிந்துகொண்டு அரை மணி முன்னேயோ பின்னேயோ போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எது டிக்கெட்டில் அடக்கம், எதற்குத் தனிக் காசு என்பதைக் கார்டை நீட்டுவதற்கு முன்பே தெரிந்துவைத்திருந்தால் மீதிப் பாதியும் தீர்ந்துவிடும்.

பெரும்பாலான கப்பல்களில் மெயின் டைனிங் ரூம், மேல்தளத்து பஃபே, நீச்சல்குளத்துப் பக்கத்து பர்கர், பீட்சா, சாதா ஐஸ்கிரீம் ஆகியவை டிக்கெட்டில் அடக்கம். தண்ணீர், சாதா காபி, டீ, காலை நேர ஜூஸும் அப்படியே. கோக் வகையறா, எஸ்பிரஸோ காபி, மது, ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட் (ஸ்டேக்ஹவுஸ், இத்தாலியன் மாதிரி தனி உணவகங்கள்) இவற்றுக்குத் தனிக் காசு. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். கார்னிவலில் கைஸ் பர்கர் ஜாயின்ட் இலவசம். ராயல் கரீபியனில் சொரென்டோஸ் பீட்சா இலவசம், ஜானி ராக்கெட்ஸ் பர்கர் கடைக்குக் கட்டணம். வர்ஜின் வாயேஜஸில் வழக்கமான பஃபேயே கிடையாது, ஆனால் எல்லா ரெஸ்டாரன்ட்டும் டிக்கெட்டில் அடக்கம். குனார்ட் கப்பலில் நீங்கள் எடுத்த கேபின் எந்த வகுப்போ அதைப் பொறுத்துத்தான் சாப்பிடும் ஹால். டிஸ்னியில் தினமும் ஹால் மாறும், வெயிட்டர்களும் உங்களோடு கூடவே மாறி வருவார்கள். ஆகவே வேறு கம்பெனிக் கப்பலில் போய்வந்தவர் சொன்னதை நம்பித் திட்டம் போடாதீர்கள். உங்கள் கப்பலின் பெயரைப் போட்டு அதன் ரெஸ்டாரன்ட் பட்டியலைப் பாருங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு கப்பல்களில்கூடப் பட்டியல் ஒன்றாக இருக்காது.

டின்னர் நேரம்: புக்கிங்கின்போதே முடிவு செய்யுங்கள்

மெயின் டைனிங் ரூமில் இரண்டு முறை உண்டு. ஒன்று பழைய முறை: தினமும் ஒரே நேரம், ஒரே மேசை, அதே வெயிட்டர். முதல் பந்தி மாலை ஐந்தரை ஆறுக்கு, இரண்டாம் பந்தி எட்டு எட்டரைக்கு. மற்றது இஷ்டப்பட்ட நேரத்துக்குப் போவது. 2000-இல் நார்வீஜியன் கம்பெனி இதை ஃப்ரீஸ்டைல் என்ற பெயரில் கொண்டுவந்தது. பிறகு ராயல் கரீபியனில் மை டைம், கார்னிவலில் யுவர் டைம் என்று ஆளுக்கொரு பெயரில் வந்துவிட்டது.

எதை எடுப்பது என்பதை உங்கள் பசியைவிடப் பயண அட்டவணைதான் தீர்மானிக்க வேண்டும். கப்பல் மாலை ஐந்து ஆறு மணி வரை துறைமுகத்தில் நிற்கும் நாட்கள் அதிகமென்றால் முதல் பந்தி தொல்லை. வெயிலில் சுற்றிவிட்டு வந்து குளித்து உடை மாற்றுவதற்குள் கதவைச் சாத்தும் நேரம் வந்துவிடும். எந்தத் துறைமுகத்திலும் நிற்காத கடல் நாட்கள் அதிகமாக இருந்தாலோ, சிறு பிள்ளைகள் கூட இருந்தாலோ முதல் பந்திதான் சரி. இரண்டாம் பந்தி முடிந்து எழும்போது பத்து மணியைத் தாண்டிவிடும், பிள்ளைகள் மேசையிலேயே தூங்கிவிடுவார்கள். தியேட்டர் ஷோக்களும் பந்தியை ஒட்டித்தான் போடப்படுகின்றன: முதல் பந்திக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு ஷோவுக்கு, இரண்டாம் பந்திக்காரர்கள் ஷோ பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு.

இஷ்ட நேர முறையில் சுதந்திரம் உண்டு, வரிசையும் உண்டு. ஆறரையிலிருந்து ஏழரை வரைதான் நெரிசல். கப்பல் கம்பெனியின் ஆப்பில் முன்கூட்டியே நேரம் பதிவு செய்ய வழியிருந்தால் எல்லா இரவுக்கும் பதிவு செய்துவிடுங்கள், வேண்டாதபோது ரத்து செய்துகொள்ளலாம். "போன தடவை உட்கார்ந்த அதே வெயிட்டரின் மேசை வேண்டும்" என்று வாசலில் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நாலாவது நாளும் உங்கள் காபி எப்படி வேண்டும் என்று புதிதாக ஒருவருக்குச் சொல்லும் அலுப்பு இருக்காது.

இரண்டு பேர் மேசை கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல கப்பல்களில் இந்தக் குட்டி மேசைகளை ஒரு முழம் இடைவெளியில் வரிசையாகப் போட்டிருப்பார்கள். பக்கத்து மேசைப் பேச்சு முழுக்கக் காதில் விழும், ஆனால் அவர்களோடு பேசவும் முடியாது. அதற்கு ஆறு பேர் வட்ட மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு உட்காருவதே மேல். ஒத்துவராவிட்டால் இரண்டாம் நாளே மாற்றிக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஏறும் நாள் மதியம்

ஏறும் நாளில் கேபின் தயாராக மதியம் ஒன்று ஒன்றரை ஆகலாம். அதுவரை எல்லோரும் கைப்பையோடு பஃபேக்குத்தான் ஏறுகிறார்கள். பன்னிரண்டரைக்குத் தட்டில் சாப்பாட்டோடு உட்கார இடம் தேடி அலைபவர்களை வரிசையாகப் பார்க்கலாம். கும்பலோடு நீங்களும் ஏற வேண்டியதில்லை. சில கப்பல்களில் அன்று மெயின் டைனிங் ரூமிலும் மதியச் சாப்பாடு உண்டு, ஆனால் வெளியே பெரிதாகப் பலகை வைக்க மாட்டார்கள். ஆப்பில் பாருங்கள் அல்லது கப்பலுக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் ஊழியரைக் கேளுங்கள். இல்லையென்றால் குளத்துப் பக்கத்து பர்கர் கவுன்டர், நடுத்தளத்து கஃபேயின் சாண்ட்விச் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பஃபேக்கு இரண்டு மணிக்கு மேல் போகலாம்.

அந்த மதியத்திலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. பந்தி மாற்றம், மேசை மாற்றம், அலர்ஜி விஷயம் எதுவாக இருந்தாலும் டைனிங் ரூம் வாசலில் அதற்கென்று மேனேஜர் ஒருவர் சில மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நேரம் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கும். காலி மேசைகள் கையில் இருப்பது அப்போதுதான். இரவு எட்டு மணிக்குப் பசியோடு வந்து சண்டை போட்டால் "நாளைக்குப் பார்க்கிறேன்" என்பதுதான் பதிலாக வரும். கப்பல் புறப்படும் முன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம் என்பதையும் மறக்காதீர்கள். அந்த நேரத்தில் பார், பஃபே எல்லாம் மூடியிருக்கலாம்.

பஃபே

உள்ளே போனதும் தட்டை எடுக்காதீர்கள். வெறுங்கையோடு ஒரு சுற்று நடந்து என்னென்ன இருக்கிறதென்று பாருங்கள். முதல் இரண்டு கவுன்டரிலேயே ரொட்டி, உருளைக்கிழங்கு, பாஸ்தா என்று தட்டை நிரப்பிவிட்டு, கடைசிக் கவுன்டரில் அப்போதுதான் வெட்டிக்கொண்டிருக்கும் ரோஸ்ட்டைப் பார்த்து ஏங்குவது வழக்கமாக நடக்கும் கதை. இடது பக்கமும் வலது பக்கமும் பெரும்பாலும் ஒரே உணவுதான் வைத்திருப்பார்கள். கதவுக்கு அருகில் வரிசை நீண்டிருக்கும்போது கப்பலின் பின்பக்கக் கோடியில் ஆளே இருக்காது. உட்காரவும் அங்கேதான் இடம் கிடைக்கும்.

காலைச் சாப்பாட்டில் தட்டையான பாத்திரத்தில் குவித்திருக்கும் ஸ்கிராம்பிள்டு முட்டையைக் கவனியுங்கள். ஓரம் காய்ந்து, அடியில் தண்ணீர் விட்டிருந்தால் அது வெந்து வெகுநேரம் ஆகிவிட்டது. பத்தடி தள்ளி ஆம்லெட் போட்டுக் கொடுக்கும் ஆளிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சுடச்சுட வரும். சூட்டுத் தட்டில் காத்திருப்பதை விட்டுவிட்டு, ஆம்லெட், பாஸ்தா, வாணலியில் புரட்டிக் கொடுப்பது என்று கண்ணெதிரே சமைக்கும் கவுன்டருக்கே போங்கள். நேரமும் முக்கியம். பஃபே திறந்த முதல் அரை மணி நேரம் எல்லாம் புதிது. கடல் நாளில் காலை எட்டரையிலிருந்து பத்து வரை நெரிசல், துறைமுக நாளில் அதுவே ஏழிலிருந்து எட்டரை வரை. துறைமுக நாளில் மதியம் கப்பலிலேயே தங்கிவிட்டால் பஃபே முழுக்க உங்களுக்குத்தான்.

கை கழுவும் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. கப்பலில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸை வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் ஜெல் நம்பும்படி கொல்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவினால்தான் அது கையை விட்டுப் போகும். பல புதிய கப்பல்களில் பஃபே வாசலிலேயே வாஷ்பேசின் வைத்திருப்பது இதற்காகத்தான். கழுவிவிட்டீர்கள், சரி. அடுத்து என்ன செய்கிறீர்கள்? உங்களுக்கு முன்னால் இருநூறு பேர் பிடித்த கரண்டியைப் பிடிக்கிறீர்கள். பிறகு மேசைக்கு வந்து அதே கையால் ரொட்டியைப் பிய்க்கிறீர்கள். அதனால் கரண்டியை ஒரு பேப்பர் நாப்கின் சுற்றிப் பிடியுங்கள், அல்லது எல்லாவற்றையும் எடுத்து முடித்தபின் ஒரு தடவை கழுவிவிட்டு உட்காருங்கள். கரண்டியின் கைப்பிடி உணவுக்குள் விழுந்து கிடந்தால் அதைத் தூக்கி ஓரத்தில் வைக்காதீர்கள், ஊழியரிடம் சொன்னால் பாத்திரத்தையே மாற்றுவார். இரண்டாம் முறை எடுக்கப் போகும்போது புதுத் தட்டு எடுங்கள். எச்சில் தட்டில் கரண்டி பட்டால் கிருமி அடுத்தவருக்கும் போகும்.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்துபோகும் சர்வதேசக் கப்பல்களை அந்நாட்டு நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 1975 முதல் ஒரு சுகாதாரத் திட்டத்தின் கீழ் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கிறது. நூற்றுக்கு 86 எடுத்தால் தேர்ச்சி, 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. பாதி நிறைந்த பாத்திரத்தைக்கூட ஊழியர் சட்டென்று எடுத்துக்கொண்டு போவது வீணடிப்பதற்காக அல்ல, உணவை வெளியே வைக்கலாம் என்ற நேரக் கணக்கு முடிந்துவிட்டதால் இருக்கலாம்.

மெயின் டைனிங் ரூம் மேசையில்

மெனு கார்டு ஹோட்டல் மெனு மாதிரி இருந்தாலும் விதி வேறு. ஒரு ஸ்டார்ட்டர், ஒரு மெயின், ஒரு டெஸர்ட் என்று கணக்கு கிடையாது. இரண்டு ஸ்டார்ட்டர் கேட்கலாம். மெயின் வேண்டாம், மூன்று ஸ்டார்ட்டர் போதும் என்றாலும் சரி. மெயின் டிஷ் எதையும் ஸ்டார்ட்டர் அளவில் கொண்டுவரச் சொல்லலாம். மீனுக்கு வரும் சைடை எடுத்துவிட்டு ஸ்டேக்குக்கு வருவதை வை என்றால் வைப்பார்கள். ஆனால் அண்மைக் காலமாகச் சில கம்பெனிகள் இரண்டுக்கு மேற்பட்ட மெயினுக்கும், கூடுதல் லாப்ஸ்டருக்கும் காசு வாங்குகின்றன. மெனுவின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், ஒரு கண் பார்த்துவிடுங்கள். சந்தேகமாக இருக்கும் புதுப் பெயர் டிஷ்ஷை மேசைக்கு ஒன்றாக நடுவில் வைக்கச் சொல்லி எல்லோரும் ருசி பார்ப்பது நல்ல வழி. பிடிக்காவிட்டால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு முகத்தைச் சுளித்தால் வெயிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

எதை ஆர்டர் செய்வது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆயிரம் தட்டு ஒரே நேரத்தில் போகும் சமையலறையில் மெதுவாக வேகும் வகையறா, சாஸில் ஊறும் இறைச்சி, சூப், பிரேஸ் செய்தவை (மூடி போட்டுச் சிறு தீயில் வேகவைத்தவை) எப்போதும் நன்றாக வரும். விநாடிக் கணக்கில் பதம் மாறும் மெல்லிய மீன் துண்டும் மீடியம் ரேர் (உள்ளே சிவப்பாக, பாதிக்கும் குறைவாக வெந்த) ஸ்டேக்கும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஸ்டேக் விளக்குச் சூட்டில் காத்திருக்கும் நேரத்தில் ஒரு படி கூடுதலாக வெந்துவிடும். எனவே உங்களுக்கு மீடியம் வேண்டுமென்றால் மீடியம் ரேர் என்று சொல்வது அனுபவசாலிகளின் பழக்கம்.

லாப்ஸ்டர் பரிமாறும் கப்பல்களில் அது பெரும்பாலும் எல்லோரும் நன்றாக உடுத்திவரும் ஃபார்மல் நைட் ஒன்றில் வரும். ஏழு இரவுப் பயணத்தில் வழக்கமாக இரண்டு ஃபார்மல் நைட். எந்த இரவு என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குப் போய் வெளியே ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்டில் காசு கொடுத்து உட்காராமல் இருக்க.

அலர்ஜி, சைவம், குளூட்டன் வேண்டாம் என்பவற்றைப் புக்கிங்கிலேயே பதிவு செய்ய வேண்டும். பல கம்பெனிகள் பல வாரங்கள் முன்னதாகவே கேட்கின்றன, கோஷர் (யூத மத விதிப்படியான உணவு) போன்றவற்றுக்கு இன்னும் அதிக அவகாசம் வேண்டும். ஆனால் பதிவு செய்தால் மட்டும் தகவல் வெயிட்டருக்குப் போய்விடும் என்று நம்பி இருக்காதீர்கள். முதல் இரவு வாயால் ஒருமுறை சொல்லுங்கள். அதன்பின் ஹெட் வெயிட்டர் ஒவ்வொரு இரவும் டெஸர்ட் நேரத்தில் அடுத்த நாள் மெனுவைக் கொண்டுவந்து நீட்டுவார். அதில் நீங்கள் தொட்டுக் காட்டுவதை மறுநாள் தனியாகச் செய்து வைப்பார்கள். இந்த ஏற்பாடு இருப்பது தெரியாமல் அன்றன்று மெனு பார்த்துக் கேட்பவர்களுக்குத்தான் அரை மணி தாமதமும் வேகவைத்த காய்கறித் தட்டும். வராவிட்டால் நீங்களே கேளுங்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பெயரை மட்டும் பார்த்து ஏமாறும் இடங்கள்: காய்கறி சூப்பின் அடியில் கோழி எலும்பை வேகவைத்த சாறான ஸ்டாக், சீசர் சாலட் டிரஸிங்கில் நெத்திலி, பன்னா கோட்டா, சில மூஸ் போன்ற இனிப்புகளில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், சில சீஸ்களில் பாலைத் திரிக்கும் விலங்கு ரென்னெட். "இதில் இறைச்சி இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "ஸ்டாக் எதில் செய்தது, ஜெலட்டின் உண்டா" என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்

தலைக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் வாங்குவதும் உண்டு, தட்டுக்குத் தட்டு விலை போடுவதும் உண்டு. இரண்டிலும் மேலே 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் சேரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். புறப்படும் முன் ஆன்லைனில் வாங்கினால் பொதுவாக விலை குறைவு. முதல் இரவும் கடல் நாள் மதியமும் இடம் எளிதாகக் கிடைக்கும், சில கப்பல்களில் தள்ளுபடியும் உண்டு. ஸ்டேக்ஹவுஸுக்குப் போவதானால் காசு கொடுத்தது வீண் போகாது, அங்கே இறைச்சி ஒவ்வொன்றாக வேகிறது. மெயின் டைனிங் ரூமிலேயே நன்றாகக் கிடைக்கும் பாஸ்தாவுக்கு இத்தாலியன் ரெஸ்டாரன்ட்டில் காசு கொடுப்பது அவ்வளவு லாபமில்லை.

அளவில்லா டைனிங் பேக்கேஜ் வாங்கினால் ஏறியவுடனேயே ரிசர்வேஷன் போட வேண்டும். பேக்கேஜ் வாங்கியதால் மேசை உறுதி என்று அர்த்தமில்லை, அது விலைக்கு மட்டும்தான். ஒவ்வொரு இரவும் மூன்று கோர்ஸ் முழுச் சாப்பாடு நாலாவது நாளில் சுமையாகிவிடும். மூன்று இரவு பேக்கேஜ் பெரும்பாலோருக்குப் போதும். ரத்து செய்வதானால் ஒரு நாள் முன்னதாகச் செய்யுங்கள், வராமல் விட்டால் அபராதம் விழலாம். வேறெங்கோ சாப்பிடப் போகும் இரவை உங்கள் நிலையான மேசை வெயிட்டரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுவது மரியாதை. இல்லையென்றால் உங்களுக்காக மற்றவர்களின் ஆர்டரைத் தள்ளிவைத்துக் காத்திருப்பார்.

பானப் பேக்கேஜ் கணக்கு

பானப் பேக்கேஜ் என்றால் நாளுக்கு இவ்வளவு என்று முன்பே கட்டிவிட்டு, குடிக்கும் பானத்துக்குத் தனியாகக் காசு கொடுக்காமல் இருப்பது. கணக்கு எளிது. பேக்கேஜிலும் தனிப் பானத்திலும் ஒரே சதவீத டிப்ஸ் என்றால் அதை இரண்டு பக்கமும் விட்டுவிடலாம். ஒரு நாள் விலையை ஒரு பானத்தின் விலையால் வகுங்கள். உதாரணத்துக்கு பேக்கேஜ் நாளுக்கு 70 டாலர், காக்டெயில் 14 டாலர் என்றால் ஐந்து பானம். சரிதானே என்று தோன்றும். ஆனால் பேக்கேஜ் எல்லா நாளுக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். ஏழு நாளுக்கு 35 பானம். அதில் நாலு நாள் துறைமுகத்தில் சுற்றிவிட்டு வந்து இரண்டே பானம் குடித்தால் எட்டுதான் ஆகிறது. மீதி 27-ஐ மூன்று கடல் நாளில் முடிக்க வேண்டும், நாளுக்கு ஒன்பது. எஸ்பிரஸோ காபி, பாட்டில் தண்ணீர், ஜூஸ் எல்லாம் இதில் சேரும் என்பதால் எண்ணிக்கை கொஞ்சம் எளிதாகும், ஆனால் அவற்றின் விலை குறைவு, காக்டெயிலோடு சமமாக எண்ணக்கூடாது. மேலும் பல கம்பெனிகளில் ஒரே கேபினில் ஒருவர் மதுப் பேக்கேஜ் எடுத்தால் மற்றப் பெரியவர்களும் எடுத்தே ஆக வேண்டும். குடிக்காதவர் கூட இருந்தால் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். கார்னிவலில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானம் என்று வரம்பும் உண்டு. மது வேண்டாதவர்களுக்கு சோடா, காபி மட்டும் உள்ள சிறிய பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள்.

கையோடு கொண்டுபோவது, கேபினில் சாப்பிடுவது

பாக்கெட்டில் சீல் செய்த பிஸ்கட், சிப்ஸ் போன்றவற்றைப் பொதுவாக விடுவார்கள். வீட்டில் சமைத்தவை கிடையாது. கெட்டில், ஹாட் பிளேட் பெட்டியில் இருந்தால் ஸ்கேனில் சிக்கும், தீ ஆபத்து என்று எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும் நாளில்தான் தருவார்கள். வெந்நீர் வேண்டுமானால் பஃபேயில் இரவு பகல் குழாய் இருக்கும், ஒரு தெர்மோஸ் போதும். ரூம் சர்வீஸில் கான்டினென்டல் காலையுணவு (ரொட்டி, பழம், காபி போன்ற எளிய வகை) பல கப்பல்களில் இலவசம். கதவில் தொங்கவிடும் கார்டில் டிக் அடித்து இரவே மாட்டிவிட வேண்டும். அதிகாலையிலேயே கரைக்குப் போகும் நாளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கேட்ட நேரத்துக்குக் கால் மணி முன்பே கதவைத் தட்டக்கூடும், அதனால் கொஞ்சம் தள்ளிப் போட்டுக் கேளுங்கள்.

கடல் ஆடும் நாளில் வயிற்றைக் காலியாக விடாதீர்கள், அதுதான் குமட்டலைக் கூட்டும். உப்பு பிஸ்கட், பச்சை ஆப்பிள், இஞ்சி இவற்றை ரூம் சர்வீஸிலோ டைனிங் ரூமிலோ கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஆட்டம் குறைவு. பின்கோடி ஜன்னல் மேசை பார்க்க அழகு, ஆனால் ப்ரொப்பெல்லர் அதிர்வில் கிண்ணத்தில் சூப் நடுங்கும்.

கடைசி இரவு ஆப்பில் உங்கள் பில்லைத் திறந்து ரெஸ்டாரன்ட் கட்டணமும் பானமும் இரண்டு முறை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். காலையில் கஸ்டமர் சர்வீஸ் வரிசை படிக்கட்டு வரை நிற்கும், இரவு பதினொன்றுக்கு ஆளே இருக்காது. இறங்கும் காலையில் பஃபே வழக்கத்தைவிட முன்னதாகவே மூடிவிடும். பையில் ஆப்பிள், வாழைப்பழம், சாண்ட்விச் எதுவும் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பழமும் இறைச்சியும் கரையில் இறக்கத் தடை உள்ள துறைமுகங்களில் மோப்ப நாய் நேராக உங்கள் பையிடம்தான் வந்து உட்காரும், அபராதமும் அங்கேயே போடுவார்கள்.